முதல் வரிக்கு மேலே ஒரு வரி

(நான்கு வரைவுகளைச் சேர்த்துத் தைத்தவன் நானே. தையல் தெரியாது, பாருங்கள்.)

1

இது தமிழ்க் கதை; தமிழாகவே படிக்கவும்.

கதை பிறந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில், அரைமணி நேரம் முன்பு. மருமகள் ஒரு மருத்துவமனையின் இணையப் பக்கங்களைக் கவனிப்பவள். ஒரு மருந்து நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதன் பெயருக்கு முன் திரையில் சிவப்பாக 'கொடுக்காதீர்கள்' என்று வரும். அந்தச் சொல் இருப்பது, பக்கத்துக்கு நிறமும் அளவும் சொல்லும் ஸ்டைல் ஃபைலில்.

"இது எந்த எழுத்துமுறைன்னு ஃபைலோட முதல் வரியில சொல்லணும் மாமா. அதுக்கு மேல எது இருந்தாலும் பிரவுசர் அந்த வரியை மதிக்காது. எங்க பக்கங்களோ பழசு, தப்பா ஊகிச்சு கண்டதையும் காட்டும்."

இன்று ஐந்து ஃபைல்களை ஒன்றாக்கியிருந்தாள். திடீரென அவள் கை பாதியில் நின்றது.

"உச்சியில என் பேரையும் தேதியையும் போட்டுட்டேன்."

கை கழுவாமல் லேப்டாப்பைத் தேடி ஓடினாள். இன்னும் அறைக்கதவு திறக்கவில்லை. சும்மா இருந்தால் பயம், எழுதுகிறேன்.

2

இது தமிழ்க் கதை; தமிழாகவே படிக்கவும்.

(நடுவில் வரும் இந்த வரியை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். கிடக்கட்டும்.)

ஐந்தாம் கட்டிலில் என் மனைவி படுத்திருந்தாள். நர்ஸ் ஊசியோடு—

"உங்க கதையில சாக வேற ஆள் கிடைக்கலையா?" என் தோளுக்கு மேலிருந்து மனைவி படித்துவிட்டாள். எழுதியதை அடித்துவிட்டேன்.

3

ஐந்தாம் கட்டிலில் நான். புலியை முறைத்தே விரட்டியவன் (புலிக்கு அன்று ஜலதோஷம்). பென்சிலின் மட்டும் ஆகாது. ஒருமுறை தொண்டை அடைத்துச் செத்துப் பிழைத்தேன். நர்ஸ் திரையைப் பார்க்கிறார். மருந்தின் பெயருக்கு முன்னால், நல்ல சிவப்பில்: à®•à¯Šà®Ÿ…

"என்னமோ பூச்சி பூச்சியா வருது தாத்தா. கையை நீட்டுங்க."

முகத்தில் ஆக்சிஜன் மூடி. நான் கத்துவது அவருக்கு இருமலாகக் கேட்கிறது.

4

முடிவு ஒன்று: மருமகள் தன் பெயர் இருந்த வரியை அழித்துவிட்டாள். திரை தெளிந்தது.

முடிவு இரண்டு: அந்தக் கட்டிலில் இப்போது நிஜமாகவே யாரோ

(எழுத வரவில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. கொடுக்காதீர்கள் என்று இங்கே எழுதிவிட்டேன். அது உங்களுக்குத் தமிழாகத் தெரிகிறதா? ஏன் கேட்கிறேன் என்றால், இந்தக் கதையின் முதல் வரிக்கு மேலே, அடைப்புக்குறிக்குள், நானும் பெருமைக்கு ஒன்று போட்டு வைத்தேன். எழுந்து போய் அழிக்க என்னால் முடியவில்லை. நீங்கள் போய் அழியுங்கள். ஊசிக்கு முன் தேய்க்கும் பஞ்சின் ஈரம் கையில் பட்டுவிட்டது.