தள்ளுவதா, இழுப்பதா

உங்கள் பக்கத்தில் என்றாவது விடியற்காலை ஐந்து மணிக்குக் காரணமில்லாமல் விழிப்பு வந்திருந்தால், அது என் மச்சானின் விசில்தான். பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு அவனுக்குத்தான், விசிலுக்கு இல்லை. மொட்டை மாடியில் ஏறித் தனக்குத்தானே ஊதி, தானே குனிந்து, தானே நிமிர்வான். ஒருமுறை இரண்டு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்த பஸ் அந்தச் சத்தத்துக்கு நின்றுவிட்டது. யாரும் ஏறாததால் கண்டக்டர் இறங்கிப் புதரில் எல்லாம் தேடியிருக்கிறார்.

என் பக்கமும் ஒரு சின்னக் குறை உண்டு. மூக்குப்பொடி. ஒரு சிட்டிகைக்குப் பன்னிரண்டு தும்மல். பன்னிரண்டாவது தும்மலில் மேல் வீட்டு நாள்காட்டியில் ஒரு தாள் தானாகக் கிழிந்து விழுகிறதாம். அதனால் மேல் வீட்டுக்காரர்கள் எப்போதும் நம்மைவிட இரண்டு மாதம் முன்னால் இருக்கிறார்கள்.

மேல் வீடு மகனுக்கு, கீழ் வீடு சின்ன மகளுக்கு என்று மாமனார் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்த மகள் என் மனைவி. மாமனார் கண்ணை மூடிய நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, மச்சானும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை. ஒரு கை தூரத்தில் நின்றாலும் என் மனைவியிடம்தான் சொல்வோம். அவள் திருப்பிச் சொல்லமாட்டாள். இரண்டு பேருக்கும்தான் காது கேட்கிறதே என்பாள்.

போன வருஷம் சாக்கடை அடைத்தபோது நடந்த சண்டையில், என் மனைவிக்கும் மச்சானுக்கும் மூத்தவளான பெரியக்கா வந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். இனிமேல் சாக்கடையை நான் அடைத்தால் என் தெருப்பக்க அறை மேல் வீட்டுக்கு. அவன் அடைத்தால் மொட்டை மாடி கீழ் வீட்டுக்கு.

தெருப்பக்க அறை என்றால் வெறும் அறை இல்லை. எட்டுக்குப் பத்து, ஒரு பிரம்பு நாற்காலி, ஏழு கம்பி வைத்த ஒரு ஜன்னல். காலையில் உட்கார்ந்தால் தெருவில் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே மூன்று கல்யாணத்தை நடத்தி வைத்திருக்கிறேன், இரண்டைக் கலைத்திருக்கிறேன். அந்த ஜன்னல் போனால் எனக்கு மிச்சம் இருப்பது என் மனைவியோடு பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான். அவளுக்கும் அந்தப் பயம் உண்டு.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் மாடிப்படி ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, எங்கள் குளியலறைச் சல்லடையைத் தூக்கி, உள்ளே போட்டவன் நான்தான். யோசித்துத்தான் செய்தேன். இரண்டு வீட்டுக் கழிவுநீரும் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரே தொட்டிக்குத்தான் போகிறது. விசில் அங்கே போய்ச் சிக்கும். தொட்டியிலிருந்து எடுத்தால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எவன் கண்டான்? விசில் யாருடையது என்பது மட்டும் ஊருக்கே தெரியும். இரண்டாம் நாள் எங்கள் குளியலறையில் தண்ணீர் நின்றது. மறுநாள் மேல் வீட்டிலும் நின்றது. கணக்கு சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அதே வாரம் என் பொடி டப்பா காணாமல் போனதை, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். மேல் வீட்டில் என்ன ஊற்றினார்களோ, காரநெடி கீழே வரை வந்து, சுவரில் இருந்த பல்லி கீழே விழுந்து, எழுந்து, வாசல் வழியாகவே வெளியேறிவிட்டது. சனிக்கிழமை காலை பெரியக்காவே ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதுப் பெண்மணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் சுருட்டிய கம்பி. சிரிப்பதற்குத் தனியாகக் காசு கேட்பாள் போன்ற முகம்.

“எதை வச்சு எடுக்கிறதுன்னு நான் அப்புறம் சொல்றேன். அடைச்சது எதுன்னு நீங்க முதல்ல சொல்லுங்க. பிசுக்குன்னா வெந்நீர். முடின்னா கொக்கி. கெட்டிச் சாமான்னா இழுக்கணும். தெரியாம தள்ளினா உள்ள போய் இறுகிக்கும்.”

“இழுத்துடும்மா,” என்றேன்.

“இழுத்துடுங்க, அதான் நல்லது,” என்றான் மச்சான், அதே நொடியில்.

பெரியக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாராவது ஆசிட் ஊத்தினீங்களா?” என்றாள் பிளம்பர்.

“கீழ ஊத்தியிருப்பாங்க. அந்த மனுஷன் பொடி போட்ட மூக்குக்கு நெடியா தெரியப்போவுது?” என்றான் மச்சான், என் மனைவியைப் பார்த்து.

“உன் தம்பிகிட்ட சொல்லு, எங்க வீட்டுப் பல்லிகூட சாட்சி சொல்லும்னு,” என்றேன் நான்.

பிளம்பர் மாடி ஏறினாள், நாங்களும் பின்னாலேயே. சல்லடை ஓரமெல்லாம் வெளுத்துப் பொரிந்திருந்தது. “ஊத்தலைன்னு சொன்னீங்கல்ல? அப்ப நீங்களே குனிஞ்சு சல்லடையைத் தூக்குங்க மாஸ்டர். மூஞ்சியக் கிட்ட வச்சு உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

ஆயிரம் பிள்ளைகளைக் குனிய வைத்தவன், தான் குனியவில்லை.

“ரெண்டே ரெண்டு பாட்டில்,” என்றான்.

“இதைச் சொல்லாம இருந்திருந்தா, கம்பி விட்டதும் தெறிச்சு என் கண்ணு போயிருக்கும். உங்க சண்டைக்கு என் கண்ணுதான் கெடச்சுதா?” என்று கேட்டுவிட்டு, கையுறையையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள். தேங்கியிருந்ததை நிதானமாக முகந்து ஒரு வாளியில் எடுத்து மூடிவைத்தாள். அதுவரை அவன் சுவரோடு சுவராக நின்றான். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு அழகாக அவனை நான் பார்த்ததில்லை.

பிறகு சந்துக்குப் போய்த் தொட்டி மூடியை நெம்பித் திறந்தாள். ஐந்து பேரும் எட்டிப் பார்த்தோம்.

தொட்டி காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் சிலந்தி வலை பின்னி, ஈக்குக் காத்திருந்தது.

“தொட்டிக்குத் தண்ணியே வரலை,” என்றாள் பிளம்பர். “அடைப்பு இங்க இல்லை. தெருவுலயும் இல்லை. மேல் வீட்டுக் குழாய்ல ஒண்ணு, கீழ் வீட்டுக் குழாய்ல ஒண்ணு. தனித்தனியா. வீட்டுக்குள்ள இருந்து கம்பி விட்டு இழுக்கறேன்.”

அப்படியானால் விசில் என் வீட்டுக் குழாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலின் ஏழு கம்பியும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் போயின.

“இழுக்க வேண்டாம்மா,” என்றேன். “தள்ளிடு. பழைய குழாய், இழுத்தா உடைஞ்சிடும்.”

“ஆமா, தள்ளிடுங்க,” என்றான் மச்சான். “தள்ளறதுதான் முறை. நான் படிச்சிருக்கேன்.”

பெரியக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஒம்பது வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்துலயும் ஒத்துப்போனதில்லை. இன்னிக்கு மட்டும் ரெண்டு தடவை ஒத்துப்போயிட்டீங்க. இழும்மா நீ!”

கீழ் வீட்டில் முதலில். கம்பியின் முனையில் திருகிய கொக்கி. பிளம்பர் அதைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டாள். ஓர் இடத்தில் நின்றது. கட்டைவிரலால் கம்பியில் அடையாளம் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கறுப்பு முடிக்கற்றை ஒன்று வந்தது. அதன் நடுவில் பித்தளை.

“என் விசில்!” என்று அலறினான் மச்சான்.

விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. “பாத்துக்குங்க பெரியக்கா! அவன் விசில்தான் அடைச்சிருக்கு. மொட்டை மாடியை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

பிளம்பர் கம்பியை டேப் வைத்து அளந்தாள். “ஒம்பது அடி. இங்கேருந்து தொட்டிக்குப் பதினொண்ணு. மாடியில போட்ட விசில் சுவர்ல இறங்கித் தொட்டிக்கு வந்து, அங்கேருந்து உங்க வீட்டுப் பக்கம் ரெண்டு அடி ஏறி வந்து உக்காந்துதா சார்?”

“நல்லா ட்ரில் எடுத்த விசிலாச்சே,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் குதித்தான். என் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பது வரை சொன்னான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பிளம்பர் மாடி ஏறிவிட்டாள். ஆறாவது அடியில் கொக்கி எதிலோ மாட்டியது. வெளியே வந்தது ஒரு தகர டப்பா. மூடியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் நான் ஒருமுறை தும்மியபோது விழுந்தது. டப்பாவைத் திறந்து கவிழ்த்ததில் கொஞ்சம் பொடி பிளம்பரின் கையுறையில் விழுந்தது. நனையவே இல்லை. நல்ல சரக்கு.

அவனும் என்னைப் போலவே கணக்குப் போட்டிருக்கிறான். படித்தவன், இன்னும் கொஞ்சம் நன்றாகப் போட்டிருக்கலாம்.

“என் டப்பாவை என் தம்பி திருடினானா? என் தம்பி விசிலை இவர் திருடினாரா?” என்று என் மனைவி யாரையும் பார்க்காமல் கேட்டாள். டப்பாவை எப்போது அவள் தனதாக்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியக்கா இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். “எழுதினது எழுதினதுதான். அவர் அடைச்சிருக்கார், முன்னறை உனக்கு. நீ அடைச்சிருக்கே, மொட்டை மாடி அவருக்கு. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரும் சாமானை மாத்துங்க.”

“நீங்க மாடியில நின்னு தும்மினா என் வீடு நிக்குமா?” என்றான் மச்சான்.

“நீ என் ஜன்னல்ல நின்னு ஊதினா தெரு நிக்குமா?” என்றேன் நான்.

இரண்டையும் என் மனைவியிடம் சொல்லவில்லை, நேராக ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சொன்னோம். பெரியக்கா அதைக் கவனித்தாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வந்த மாதிரி தெரியவில்லை.

என் நாற்காலி முப்பத்தெட்டுப் படி ஏறி மொட்டை மாடிக்குப் போனது. அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. வழியில் நான்கு முறை இடித்தான், நான் ஐந்து முறை.

இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு என் ஜன்னலில் நின்று, என் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஊதுகிறான். சாக்கடையில் ஒரு வாரம் ஊறிய விசில். சத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது. நேற்றுத் தெருவில் ஒருவர் குழாயை மூட மறந்துவிட்டோம் என்று எழுந்து ஓடினார்.

மாடியிலிருந்து நான் ஆறு தெரு பார்க்கிறேன். அது ஒன்றும் பெரிதில்லை. எவ்வளவு கண்ணைச் சுருக்கினாலும், யார் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பது தெரிவதில்லை. வெறும் உச்சந்தலைகள்.

மழைத்தண்ணீர் இறங்க மாடி மூலையில் ஒரு குழாய் இருக்கிறது. கீழே அது முன்னறைச் சுவருக்குள்ளேதான் போகிறது. இணைப்பு ஒன்று ஜன்னலுக்குப் பக்கத்தில் லேசாக விட்டிருக்கிறது; அதற்குக் கீழே அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் முழுக்க அறைக்குள்தான். கிளம்பும்போது பிளம்பர் என்னிடம் மட்டும் சொன்னாள்: “சார், அந்தக் குழாய்ல ஒண்ணும் போட்டுடாதீங்க.”

நான் எதுவும் போடவில்லை. வானம் மூன்று நாளாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. குழாய் வாய் நான்கு அங்குலம். என் நாற்காலித் திண்டைச் சுருட்டினால் நான்கேகால் வருகிறது.