ஈசானிய மூலையைத் தோண்டாத கதை

1

இந்தக் கதை ஒரு விரிசலிலிருந்து வந்தது. அழகுக்காக இப்படிச் சொல்லவில்லை. பாயா ரும்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில், எனக்கும் பக்கத்து வீட்டுக் கோமளாக்காவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அக்கா பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டினார். போன மழைக்குப் பிறகு அதன் சுவரில் விரிசல் விட்டது. அந்த அறையில்தான் அவர் மகள் ஷாமினி, பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு படுத்திருக்கிறாள்.

முதல் வரியை வேறு மாதிரிதான் தொடங்கினேன்: "வீடு என்பது நம்பிக்கையின் மேல் எழும்பும்..."

(அடித்துவிட்டேன். வீடு மண்ணின் மேல்தான் எழும்புகிறது. நம்பிக்கை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.)

2

அஸ்திவாரத்தைச் சோதிக்க ஆயர் குரோவிலிருந்து தர்மினி என்ற பொறியாளர் வந்தார். விரிசலின் குறுக்கே சின்ன அளவுகோல் ஒன்றை ஒட்டினார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்; இடித்தது. சுவரோரமாக மூலைக்கு மூலை குழி தோண்டச் சொன்னார். என் சமையலறையை ஒட்டிய கடைசி மூலைக்கு வந்ததும் அக்கா குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"அதுல கை வைக்காதிங்கம்மா. ஈசானிய மூலை. ஐயர் செம்பு வச்ச இடம்."

(நவதானியமும் கல்லும் பாலும் விட்டு அடியில் புதைக்கிற செம்பு. வைத்ததைக் கிளறக் கூடாது.)

"ஆன்ட்டி, எறங்குறதே அந்த மூலைதான். ஓபன் பண்ணிப் பாக்கணும்."

"மத்ததெல்லாம் நல்லாருக்குனு சொன்னிங்கல்ல? அப்படியே ரிப்போர்ட் எழுதிக் குடுங்கலா."

"பாக்காத மூலைக்கு நான் சைன் பண்ண முடியாது ஆன்ட்டி."

இந்த இடத்தில் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். தர்மினியை ஒரு கள்ளியாக எழுத ஆரம்பித்தேன். அவர் அக்கா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பின் சந்தில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசினார். அக்காவும் என் காதில் ஓதினார்: "பாத்தியா தம்பி, இந்த ரூமைக் கட்டுன கண்ட்ராக்டர்கிட்ட பேசுறா. ரெண்டு பேரும் கூட்டு." எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு பக்கம் ஓடிவிட்டது. "அவள் சிரிப்பிலேயே ஒரு..."

(நிறுத்திவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை.)

வாசலில் கார் ஏறப்போனவரிடம் நேராகவே கேட்டேன். யாரோடு பேசினீர்கள்?

"கண்ட்ராக்டர்தான் அங்கிள். அந்த மூலைல மண்ண எப்படி கெட்டிப்படுத்தினிங்கனு கேட்டேன். மறந்துட்டேங்கறாரு. மத்த மூலையெல்லாம் ஞாபகம் இருக்காம், அது மட்டும் மறந்துபோச்சாம்."

சரி, கள்ளன் கிடைத்தான் என்று கண்ட்ராக்டர் பக்கம் தாவினேன்.

3

மறுநாள் காலையில் துணி காயப்போட வந்த அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைத்தார்.

"தம்பி, எங்க வூட்டப் பத்தி கத எழுதுறியாமே. எழுது. ஒண்ண மட்டும் எழுதிடாத."

"என்னக்கா?"

"அந்த மூலைல மண்ண இடிக்க மிஷின் கொண்டாந்தாரு கண்ட்ராக்டரு. நான்தான் வுடல. செம்புக்கு மேல மிஷின வச்சுக் குத்துறதா? கையால மண்ணத் தள்ளி மேல கான்கிரீட் ஊத்துங்கனேன். அவரு அப்பவே சொன்னாரு, எறங்கும்க்கான்னு. நான்தான் கேக்கல. யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லி வச்சேன்."

என் கதையின் கள்ளர்கள் இருவரும் கைகழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது அக்கா.

"இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்கக்கா. செம்ப எடுத்து வேற எடத்துல வச்சுக்கலாம்."

"சொன்னா ஷாமினிக்குத் தெரியும். அவ மாமியார் ஏற்கெனவே கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. இந்த வூடு ஆபத்துனு தெரிஞ்சா புள்ளையத் தூக்கிட்டு இன்னிக்கே போயிடுவா. அப்புறம் எப்ப வருவா?" குரல் இறங்கியது. "நான் எத்தன நாளா காத்திருந்த புள்ள தம்பி அது."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. ஈசானிய மூலை, ஐயர் வைத்த செம்பு என்று தர்மினியைத் தடுத்ததெல்லாம் இதற்குத்தானா?

(அவர் எழுதாதே என்று கேட்டதை எழுதிவிட்டேன். கவனித்திருப்பீர்கள்.)

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: பெருமழை. அந்தச் சுவர்...

இல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே குழந்தை அழுவது சுவர் வழியாகக் கேட்கிறது. அந்த வரியை என்னால் முடிக்க முடியாது.

முடிவு இரண்டு: அக்காவே மண்வெட்டியை எடுத்து மூலையைத் தோண்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அக்காவைத் தெரியும். பொய்.

முடிவு மூன்று: நான் தர்மினியிடம் சொல்கிறேன். இங்கே என் மேலேயே எனக்குச் சந்தேகம். குழந்தைக்காகச் சொல்வேனா, என் சமையலறைக்காகவா? ஏனென்றால் இன்று காலை அடுப்புக்கு மேலே, என் பக்கச் சுவரிலும் மெல்லிய கோடு ஒன்றைப் பார்த்தேன். நேற்று இருந்ததா என்று தெரியவில்லை.

சற்று முன் தர்மினி செய்தி அனுப்பியிருக்கிறார்: "அங்கிள், அந்த மூலையப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது" என்று அடித்தேன். அழித்தேன். "தெரியும்" என்று அடித்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டார். பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் தனியாக இருப்பார். அனுப்பாவிட்டால் குழந்தை இன்றும் அந்த அறையில்தான் தூங்கும்.

இதுவரை இந்த விஷயம் அக்கா, கண்ட்ராக்டர், நான் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, மழைதான். போன் என் கையில் இருக்கிறது.

சொல்லுங்கள், அனுப்பவா?