ஊளையிட்ட மைக்

"போலாம் ரைட்!" என்று அக்கா குரல் கொடுத்த பிறகுதான் அத்தான் காலை எடுத்து வைப்பார். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். கண்டக்டர் சொல்லாமல் வண்டியை எடுத்துப் பழக்கமில்லை என்பார்.

பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோன பிறகு, பூங்காவில் குளத்தை ஒட்டிப் போகும் நடைபாதைதான் அவருக்கு ரோடு. மேடு பள்ளம் இல்லாத பாதை, ஒரு பக்கம் நெடுக இரும்புக் கைப்பிடி. வலது கையால் அதைப் பிடித்துக்கொள்வார். இடது பக்கம் அக்கா தாங்கிக்கொள்வாள். தடுமாறினால் பிடிப்பதற்குப் பின்னால் அக்காவின் தம்பி வருவான்.

"மாப்ள, பின்னாடி வண்டி ஏதாவது வருதா?"

"எதுவும் வரல அத்தான். நீங்கதான் ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

"முதல் கியர்லதான் இருக்கேன். அவசரப்படுத்தாத. ரெண்டாவது கியர் விழட்டும், அப்புறம் பாரு."

அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் அவர் வாயோரம் துடைத்துவிடுவாள். வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள் அவள். காலையில் இந்த நடை முடிந்த பிறகுதான் தையல் மெஷினில் உட்காருவாள். கை கால் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "நடக்கிறதை மட்டும் விட்றாதீங்கம்மா. இந்த வருஷம்தான் முக்கியம். இப்ப விட்டா அந்தக் கால் அப்புறம் திரும்ப வராது." அதற்குப் பிறகு மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு கூட்டிவந்துவிடுவாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கால் பேச்சுக் கேட்க ஆரம்பித்திருந்தது.

தம்பிக்கு மைக் செட் தொழில். எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் முதலில் மேடையேறி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பவன் என்பதால் ஊரே அவனை ஹலோ என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஆனால் ஹலோவுக்குக் கொஞ்ச நாளாகவே தொழில் படுத்துவிட்டது. கல்யாணத்துக்கும் மாநாட்டுக்கும் பெரிய கம்பெனிகள் லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்து இறங்க, அவனுடைய பெட்டிகள் கொட்டகையில் தூசி தின்றுகொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. பூங்காவை ஒரு நிறுவனத்துக்கு விடப் போகிறார்கள். மூன்று மாதப் பொருட்காட்சி. கடைகள், ராட்டினங்கள், தினமும் மாலையில் பாட்டு. அதைப்பற்றி மக்கள் கருத்தைக் கேட்க நகராட்சி மண்டபத்தில் கூட்டம்.

கூட்டத்துக்கு மைக் வைக்க ஹலோவைக் கூப்பிட்ட பொருட்காட்சி மேனேஜர், தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார்.

"பொருட்காட்சி முழுக்க உன் செட்டுதான். மூணு மாசமும். ஆனா இந்தக் கூட்டம் சுமுகமா முடியணும். யாராவது ரொம்ப நீட்டினாங்கன்னா நான் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பேன். மைக் கொஞ்சம் மக்கர் பண்ணட்டும். புரியுதா?"

ஹலோவுக்குப் புரிந்தது. அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பேசுகிறவர் வாயைத் திறக்கும்போது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியில் ஒரு திருகைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் போதும், மைக் ஊளையிடும். பேசுகிறவர் பதறிப்போவார், கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மேடைப் பழக்கம் உள்ளவர் ஒதுங்கி நின்று மறுபடி தொடங்குவார். பழக்கமில்லாதவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து இறங்கிவிடுவார். மைக்கைக் குறை சொல்வார்களே தவிர, மைக் செட்காரனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பியிருந்தது. முதலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். மரங்களைப்பற்றி ஆரம்பித்தவர், மேனேஜர் கண்ணாடியைத் துடைத்ததும் ஊளைச் சத்தத்தில் மிரண்டு பேச வந்ததை மறந்தார். பின்வரிசை சிரித்தது. அடுத்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தை வீறிட்டு அழ, அவளும் இறங்கிப்போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த நகராட்சி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தது அக்கா.

ஹலோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பேசப் போவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தம்பி கேலி செய்வான், கேலி செய்தால் இருக்கிற தைரியமும் போய்விடும் என்று அவள் அத்தானிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பீரோவில் வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நம்ம ஆள் இருக்கிறான் என்கிற சிரிப்பு.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரருக்குக் கை கால் விழுந்துடுச்சு. அந்தப் பூங்காவுலதான்..."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஹலோவின் கை ஒரு நொடி நின்றது. அப்படியே நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் மனிதனுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு நொடி தாராளம். மூன்று மாசம்தானே. அத்தானை வேறு எங்காவது நடக்கவைத்துக்கொள்ளலாம். அக்காதானே, வீட்டில் பேசிக்கொள்ளலாம். திருகைத் திருப்பினான்.

மைக் ஊளையிட்டது. அக்கா பதறி அதைத் தள்ளிப் பிடித்தாள். மறுபடி கிட்டே கொண்டுவந்தாள், மறுபடி ஊளை. யாரோ "அக்கா, பாட்டுப் பாடுறீங்களா?" என்றார்கள். மண்டபம் சிரித்தது. அவள் முகம் சிவந்துபோய், "எனக்குத்தான் பிடிக்கத் தெரியல, மன்னிச்சிருங்க" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். பேச வந்ததைச் சொல்லவே இல்லை.

கூட்டத்தில் குறிப்பிடும்படியான எதிர்ப்பு எதுவும் வரவில்லை என்று அதிகாரி அறிவித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள்தான் தம்பிக்கு ஆறுதல் சொன்னாள். "நீ ஏன்டா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற? அத்தனை பேர் முன்னாடி உன் மைக் கத்திடுச்சேன்னு எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. தொழிலுக்குக் கெட்ட பேரு இல்லையா?" ஹலோ நடையை எட்டிப் போட்டான்.

பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். வாசலில் நுழைவுச்சீட்டுக் கவுண்டர் வந்தது. லாரிகள் உள்ளே போவதற்குக் குளத்தோரக் கைப்பிடியைப் பிடுங்கிப் போட்டார்கள். வேலை தலைக்கு மேல் இருந்ததால் ஹலோவால் காலையில் அக்கா வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. அக்கா தனியாகவே அத்தானை வீட்டு வாசல் சந்தில் நடக்கவைத்தாள். சந்து முழுக்க நிறுத்திவைத்த வண்டிகள். ஒரு நாள் மூலையில் வேகமாகத் திரும்பிய ஸ்கூட்டர் ஒன்று அத்தான்மேல் உரசிவிட்டுப் போனது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் விழுந்த மனிதருக்குள் பயம் புகுந்துகொண்டது. அதன் பிறகு அக்கா எத்தனை தடவை "ரைட்" சொன்னாலும் வண்டி நகரவில்லை.

ஹலோ பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். பொருட்காட்சிப் பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.

"வா மாப்ள. உன் பெட்டி ஜோராப் பாடுது. எனக்கு டிக்கெட் எடுக்காமலே கச்சேரி."

"அத்தான், எந்திரிங்க. நான் பிடிச்சிக்கிறேன். வாசல் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"வண்டி டிப்போவுல நிக்குது மாப்ள. விடு. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. பொருட்காட்சி முடிந்து தகரத்தைப் பிரித்தபோது புல் இருந்த இடமெல்லாம் சேறு. நடைபாதை லாரிச் சக்கரத்தில் உடைந்து கிடந்தது. இரண்டு பேருமாக அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பிடிக்கக் கைப்பிடியும் இல்லை, ஊன்றக் காலும் இல்லை. பிசியோ பெண் வந்து காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, அக்காவை வெளியே கூப்பிட்டு, "இனிமே இவ்வளவுதாம்மா" என்றாள்.

அக்கா அழவில்லை. மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். ஆனால் எப்போதாவது தையலை நிறுத்திவிட்டு, "அன்னைக்கு அந்த மைக் மட்டும் கத்தாம இருந்திருந்தா" என்பாள். யார்மேலும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கேட்கிற ஹலோவுக்குத்தான் வாயில் வைத்த சோறு இறங்காது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்து, தைரியம் வராமல் எழுந்து போயிருக்கிறான்.

மறுவருடமும் அறிவிப்பு ஒட்டினார்கள். இந்த முறை பொருட்காட்சி ஆறு மாதம். மேனேஜர் அவனையே கூப்பிட்டார். "போன தடவை மாதிரியே" என்றார். ஹலோ தலையாட்டினான். ஆனால் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தான். இந்தத் தடவை யார் பேசினாலும் ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று கேட்க வேண்டும். யாரும் கேட்காமலேயே மண்டபத்துக்கு வெளியே கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டினான். காலையிலிருந்து அவனே அறிவித்தான். "கருத்துக்கேட்புக் கூட்டம், எல்லாரும் வாங்க, உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க!"

வாத்தியார் வீட்டுக்கு நேரிலேயே போய்க் கூப்பிட்டான். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்குப்பா? நான் எந்திரிப்பேன், மைக் கத்தும், நாலு பேர் சிரிப்பாங்க. இந்த வயசுல எனக்கு அது தேவையா?"

கூட்ட நேரம் வந்தது. போட்ட நாற்காலிகள் போட்டபடியே கிடந்தன. அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "யாருக்கும் ஆட்சேபனை இல்லபோல. அப்படியே முடிச்சிடலாமா?" என்று மேனேஜரைப் பார்த்தார். ஹலோ அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தான். அவற்றைக் காலியாக்கியது யார் என்று அந்த மண்டபத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தான். ஆயிரம் மேடையில் சொன்ன "ஹலோ"வை இந்த முறை சொல்லவில்லை.

"போன வருஷம் இந்த மைக் கெட்டுப்போகல. நான்தான் கெடுத்தேன். வேலை கிடைக்கும்னு, பேச வந்தவங்க பேச்சையெல்லாம் ஊளைச் சத்தத்துல அடிச்சேன். வாத்தியாரை அடிச்சேன். குழந்தையோட வந்த பொண்ணை அடிச்சேன். என் கூடப் பிறந்த அக்கா பேசினப்பவும் அடிச்சேன். அவ புருஷனுக்குக் கால் போனது என்னாலதான்."

"ஏய், என்ன உளர்ற? மைக்கை அணைடா!" என்று மேனேஜர் எழுந்தார். மைக்கை அணைக்கிற ஆள் மைக்கின் முன்னால் நின்றான். வெளியே கம்பத்திலிருந்த குழாய் அவன் சொன்னதையெல்லாம் தெருவுக்கும் சந்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

மண்டப வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து ஹலோ தலையைக் குனிந்தான். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உங்க அத்தானும் கேட்டாருடா. கட்டில்ல படுத்தபடியே முழுசாக் கேட்டாரு."

"என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

எதற்கும் ஒரு கேலி வைத்திருந்த மனிதர். ஹலோ அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அக்கா அவனைத் தேற்றவில்லை.

"எந்திரி. போய் உன் இடத்துல உக்காரு. நான் பேசணும்."

அவன் மிக்சருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா அதிகாரியை நேராகப் பார்த்துப் பேசினாள். அவள் குரல் கடைசி நாற்காலி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"சார், போன வருஷம் நான் பொருட்காட்சி வேணாம்னு சொல்லக்கூட வரல. குளத்தோரம் அந்த நடைபாதையை மட்டும் காலையில கொஞ்ச நேரம் திறந்து விடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். அவ்வளவுதான் சார். அதைக் கேட்டிருந்தா ஒருவேளை நீங்க விட்டிருப்பீங்க. இல்ல, முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேன். இனிமே நீங்க பூங்காவையே எழுதிக் கொடுத்தாலும் அவருக்குக் கால் வராது. எனக்குக் கேக்க எதுவும் மிச்சமில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். பொது இடத்தைப் பத்தி ஜனங்களைக் கேக்கறோம்னு கூட்டம் போட்டா, நெஜமாவே காது குடுத்துக் கேளுங்க. கூப்பிட்டு வச்சு வாயை அடைச்சா, அடுத்த தடவை ஒருத்தரும் வர மாட்டாங்க. அப்படி வராமப் போனவங்களை எல்லாம் சரின்னு சொல்லிட்டதா எழுதாதீங்க."