எட்டு மணித் தொடரின் முடிவு

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த குத்ரூனின் உதடுகளை மெரெட் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"முடிவைச் சொல்லுடி. ஞாயித்துக்கிழம வரைக்கும் நான் தாங்கமாட்டேன்."

அன்று வெள்ளி. ஞாயிறு எட்டு மணித் தொடர் ஓடும்போது டென்மார்க்கில் யாரும் போனைக்கூட எடுப்பதில்லை. காது கேளாதவர்களுக்காக அதற்கு வசன வரிகள் போடுவது மெரெட்டின் வேலை. முடிவை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். சாகக் கிடப்பவளிடம் என்ன கையெழுத்து?

"அந்த மகன் திரும்பி வரான்மா. கதவைத் தட்டறான்."

"அவ தொறக்கறாளா?"

மெரெட் பஞ்சைக் கீழே வைத்தாள். ஒன்பது வருடம் முன்பு, சண்டை போட்டுப் போன தம்பி எஸ்பென் திரும்பி வந்து தட்டியபோது, உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காதவள் இதே குத்ரூன். தொடரிலும் அந்தத் தாய் திறப்பதில்லை. தட்டும் சத்தம் ஓயும்வரை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தோடு முடிந்துவிடும்.

"தொறக்கறா," என்றாள்.

"பொய் சொல்லாத. இப்ப யாரு அப்படி எழுதறாங்க? எதப் போட்டாலும் காட்டுல ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா. விசாரிக்க வர்ற போலீஸ்காரி வீட்டுல புருஷனோட பேசமாட்டா. மன்னிப்புங்கறதே கதையில கிடையாது. கேட்டா, வாழ்க்கை அப்படித்தானாம்."

"இதுல இருக்கும்மா."

"தொறந்து என்ன சொல்றா?"

ஆயிரக்கணக்கான வசனங்களைத் தட்டச்சு செய்தவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. "ஒண்ணும் சொல்லல. சூப்பைச் சுட வைக்கப் போறா."

குத்ரூன் கூரையையே பார்த்துக் கிடந்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றாள். பிறகு மெரெட்டைக் காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள்.

சனி மதியம் உயிர் போயிற்று. ஆன்மா போகட்டும் என்று நர்ஸ் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கோபன்ஹேகனில் இருந்த எஸ்பென், செய்தி கேட்டு, "சரி," என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறு மாலை, மருத்துவமனையில் கொடுத்த பையைத் தாயின் வீட்டில் வைத்துப் பிரித்தாள். கண்ணாடி, பல்செட்டு, கைபேசி. வெள்ளிக்கிழமை எஸ்பென்னுக்கு ஒரு செய்தி போயிருந்தது. அவள் காப்பி குடிக்கப் போன நேரம். தாய் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதியிருக்க வேண்டும்.

"ஞாயிறு எட்டு மணித் தொடரின் கடைசிப் பகுதியைப் பார். அந்தத் தாய் செய்வதுதான் உனக்கு என் பதில். அம்மா."

மணி எட்டு நாற்பது. மெரெட் தன் போனை எடுத்தாள். மூன்று முறை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கதவு தட்டப்படும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

ஒன்பது மணிக்கு அவனே அழைத்தான்.

"பாத்துட்டேன்."

"எஸ்பென், நான் சொல்றதக் கேளு. அம்மாகிட்ட நான் வேற முடிவ சொல்லியிருந்தேன். அவ தொறக்கறான்னு சொன்னேன்."

"சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான்க்கா. நடுவுல நின்னு பூசி மெழுகுவ."

"சத்தியமாடா. அதக் கேட்டுட்டுத்தான் அம்மா உனக்கு..."

"விடு. அடக்கத்துக்கு நான் வரல. பூ அனுப்பறேன். அவங்களுக்கு என்ன பூ பிடிக்கும்?"

மெரெட் சொன்னாள். அவன் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.