செல்வராசாவின் முதுகு

கனகராயன்குளத்தில் தச்சு வேலை செய்யும் செல்வராசாவை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் முதுகுதான் தெரியும். முன்னால் போய் நின்றாலும் முதுகு, பக்கத்தில் நின்றாலும் முதுகு. இரண்டு பேர் அவருக்கு முன்னும் பின்னுமாக நின்று ஒரே நேரத்தில் பார்த்தால், இருவருக்கும் ஒரே பிடரியும் அதில் ஒரே தழும்பும் தெரியும். அரிசியும் மண்ணெண்ணெயும் விலையேறிய 2022ஆம் ஆண்டில் இது தொடங்கியது. பிறகு அரிசி விலை கொஞ்சம் இறங்கியது. முகம் திரும்பி வரவில்லை. இடது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பதைத் தவிர அவருக்கு வேறு குறையில்லை. சாப்பிடுகிறார், பீடி புகைக்கிறார், புகை தலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழும்புவது தெரிகிறது. பெரிய வீதியில் ஓடும் பஸ்களின் நடத்துநர்கள் அவருடைய தோளுக்கு மேலால் ரிக்கற்றை நீட்டப் பழகிவிட்டார்கள். கலியாண அல்பத்தில்கூட மாலை போட்ட அமராவதிக்குப் பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிய ஒரு முதுகுதான் இப்போது நிற்கிறது. அமராவதி அவருடைய மனைவி. கைக்கு முகம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் இல்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கையை வளைத்துப் போட்டு மூக்கையும் நாடியையும் தடவிப் பார்த்து அவர்தான் கணவருக்குச் சவரம் செய்துவிடுகிறார். "இவ்வளவு வருசமாப் பார்த்த முகம்தானே, பாடமாக்கிப் போட்டன்" என்று கேட்பவர்களுக்குச் சொல்வார். முதல் சில மாதங்கள் தூர இடங்களிலிருந்து சனம் பார்க்க வந்தது. பிறகு யானைகள் வயலுக்குள் இறங்கத் தொடங்கியதால் சனத்துக்கு வேறு கதை கிடைத்துவிட்டது.

முகம் போன இடம் கனகராயன்குளம் அல்ல, முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்று. அங்கே பரீனாவின் வீடு இருக்கிறது. அவருடைய தகப்பன் கச்சு முகம்மது கட்டிய வீடு அது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது பரீனா கைக்குழந்தை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே துணி வியாபாரி றஸ்மியைக் கலியாணம் செய்து, சண்டை முடிந்து மூன்று வருடங்களின் பின் கணவரோடு திரும்பி வந்தார். கச்சு முகம்மது திரும்பவில்லை. புத்தளத்து மையவாடியில் அடக்கமாகி இருக்கிறார். வீட்டில் எஞ்சியிருந்தது குசினி மட்டும்தான். நிவாரண வீட்டுத் திட்டத்தில் முன்னால் இரண்டு அறை எழும்பியது, குசினி பழையபடி பின்னால் நின்றது. அதன் வாசலில் நல்ல முதிரை மரநிலை அசையாமல் நின்றது, கதவு இல்லை. கச்சு முகம்மது ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் என்பதால் தலை இடிக்காமல் நிலையை உயர்த்தி வைத்திருந்தார். கடையில் விற்கும் எந்தக் கதவும் அதற்குப் பொருந்தாது. பத்து வருடமாகக் கதவுக்குப் பதிலாகத் தறப்பாள் ஒன்று அதில் தொங்கியது.

விலைகள் ஏறியதோடு களவும் ஏறியது. தண்ணீர் மோட்டர், காஸ் சிலிண்டர், கொடியில் காய்ந்த சாரம் என்று எல்லாம் போனது. பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெண்களைக் கூட்டி ஒரு பொலிஸ்காரர் வந்து பேசினார். நல்ல மனிதர், நிதானமாகவே சொன்னார். வீட்டுக்குள் ஒருவன் வந்தால் முதலில் கத்துங்கள், அயலைக் கூட்டுங்கள். அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு தொலைபேசி எடுங்கள். பொருளுக்காக உயிரைக் கொடுக்காதீர்கள். தப்ப வழியே இல்லையென்றால் அடியுங்கள், தப்புவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. அவன் திரும்பிவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்பிப் போகிறவனை அடிப்பது தற்காப்பு ஆகாது. பரீனா எழும்பி, "சேர், கதவில்லாத குசினிக்கு என்னத்தைப் பூட்டுறது?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. பின் வரிசையிலிருந்து அயல்வீட்டு ஷமீலா, "உலக்கையைப் பக்கத்தில வைச்சுக்கொள்ளு மச்சி, அதுதான் உனக்குக் கதவு" என்றார். பொலிஸ்காரரும் சிரித்தார். பரீனா அன்றே உலக்கையை எடுத்து வந்து குசினியின் உட்சுவரில் சாத்தி வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பரீனா முன்னறையில் லுஹர் தொழுதுகொண்டிருந்தார். வேலிப் படலையடியில் "வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. தொழுகையில் நிற்கும் பெண் வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது. ஒரு உள்ளங்கையால் மறுகையின் புறத்தில் தட்டுவாள். தொழுகிறேன், பொறுங்கள் என்று அதற்குப் பொருள். பரீனா தட்டினார். வந்தவர் முஸ்லிமாக இருந்திருந்தால் படலையிலேயே நின்றிருப்பார். வந்தவர் செல்வராசா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளை அவர். அவர்களுடைய குடியிருப்பில் பின்வளவில் கைவேலையாக நிற்கும் பெண்கள், இந்தப் பக்கம் வா என்பதற்குத்தான் கை தட்டுவார்கள். அவர் வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். குசினியில் ஆளில்லை. வந்த வேலையை அதற்குள் பார்த்துவிடலாம் என்று தறப்பாளை விலக்கி உள்ளே கால் வைத்தார்.

பரீனா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பி, தொழுகை உடுப்போடு குசினிக்குள் வந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் நிலையடியில் நின்றார். அவருடைய கையில் தகரம்போல் ஏதோ மினுங்கியது. செல்வராசா கண்டது தலையிலிருந்து கால்வரை வெள்ளையில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணை. வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவருக்கு உடனே விளங்கியது. "மன்னிச்சுக்கொள்ளுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். ஒரு கால் வாசலுக்கு வெளியே போய்விட்டது. அந்தச் சொல் பரீனாவின் காதுக்குள் போய்ப் பொருளாவதற்குள் உலக்கை இறங்கிவிட்டது. பிடரியிலும் இடது தோளிலும் சேர்த்து ஒரே அடி. செல்வராசா சத்தம் போடாமல் விறகுக் குவியலில் விழுந்தார். கையிலிருந்து உருண்டு வந்தது தச்சர்கள் வைத்திருக்கும் அளவு நாடா.

அயல் கூடியது. அவரை ஒரு வாகனத்தில் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள். பொலிஸ் வருவதற்கு முன் ஷமீலா பரீனாவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "உன்னைப் பார்த்து வந்தவன் எண்டு சொல்லு. திரும்பிப் போனவன் எண்டு சொன்னியோ, நீதான் உள்ளுக்கப் போவாய்." பரீனா அப்படியே சொன்னார். ஆசுபத்திரிக் கட்டிலில் கண் விழித்த செல்வராசாவிடம் கேட்டபோது, யாரும் எதிர்பாராத விதமாக அவரும் அதையே சொன்னார். "ஓம் சேர், அவாவைப் பார்த்துத்தான் போனனான். அவாவில பிழையில்லை." களவு எதுவும் போகவில்லை, அடிபட்டவரிடம் முறைப்பாடும் இல்லை, வழக்கில்லாமல் விட்டார்கள். பொலிஸ்காரர் வெளியே போனதும் தாதி ஒருவர் தண்ணீர் கொடுக்கக் கட்டிலின் மறுபக்கம் வந்தார். அங்கேயும் கட்டுப் போட்ட பிடரிதான் இருந்தது. தாதி ஒரு தடவை கட்டிலைச் சுற்றி நடந்தார். பிறகு, வேறு நோயாளிகளும் காத்திருந்ததால், கப்பைத் தோளுக்கு மேலால் நீட்டினார்.

அவர் ஏன் வந்தார் என்பதை றஸ்மிதான் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிளில் சீலை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் அவர். சில மாதங்களின் பின் கனகராயன்குளத்தில் அமராவதிக்குச் சீலை விரித்துக் காட்டும்போது, இவர் தண்ணீரூற்றுக்காரர் என்று தெரியாமலேயே அந்த அம்மா முழுக்கதையையும் சொல்லிவிட்டார். 2008ஆம் ஆண்டு மாரியில் சண்டையால் இடம்பெயர்ந்த செல்வராசா குடும்பம், அப்போது ஆளில்லாமல் கிடந்த பரீனாவின் குசினியில் சில கிழமை இருந்திருக்கிறது. அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தபோது, பதுங்கு குழிக்கு மூடி வேண்டுமென்று செல்வராசா குசினிக் கதவைக் கழற்றிக்கொண்டு போனார். அந்த நாளில் எல்லோரும் செய்ததுதான். கூரைத் தகரத்தையும் யன்னலையும் தூக்கிக்கொண்டுதான் சனம் நடந்தது. கடைசியில், வயிற்றில் எறிகணைத் துண்டு பட்ட மகன் ரஜிதனை அந்தக் கதவில் கிடத்தி, தகப்பனும் தாயும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்து, காயக்காரரை ஏற்றும் கப்பல் நின்ற கடற்கரைக்குச் சுமந்தார்கள். மகன் பிழைத்தான். கதவு மணலில் கிடந்தது. தச்சன் என்பதால் செல்வராசாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. முல்லைத்தீவில் ஒரு யன்னல் வேலைக்கு வந்த அன்று, புதுக் கதவுக்கு அளவெடுத்துப் போகலாம் என்று படலையில் நின்று கூப்பிட்டிருக்கிறார்.

றஸ்மி இதைச் சொன்ன இரவு பரீனா சாப்பிடவில்லை. மறுநாள் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், தான் சொன்னது பொய், அவர் திரும்பிப் போகும்போதுதான் அடித்தேன், அதை மாற்றி எழுதினால் அவருடைய முகம் வந்துவிடும் என்று சொன்னார். அங்கிருந்தவர் வேறு ஆள். முடிந்த விசயம் என்றார், வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். பரீனா ஷமீலாவிடம் சொன்னார், சந்திக் கடையில் நின்ற பெண்களிடம் சொன்னார். "இதை ஏன் இப்ப கிண்டுறாய்? நாலு பேர் கேட்டா எங்களைத்தான் சொல்லுவாங்கள்" என்று கேட்ட ஷமீலா சில காலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒவ்வொருவரிடம் சொன்ன பிறகும் பரீனா கணவரைக் கனகராயன்குளத்துக்கு அனுப்பி, ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவரச் சொன்னார். றஸ்மி பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார். கடைசித் தடவை போனபோது, வந்தவர் யாரென்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்த செல்வராசா சீவுளியை நிறுத்தாமல் ஒரு செய்தி கொடுத்தனுப்பினார். "தம்பி, உயரம் என்னட்ட இருக்கு. அகலம் எடுக்க முதல், அடி விழுந்திட்டுது. அவாவைக் கொண்டு அளந்து அனுப்புங்கோ."

பரீனா அவர் விட்டுப்போன அதே நாடாவால் அளந்து அனுப்பினார். இடது கை எழும்பாமல் இழைக்க வேண்டியிருந்ததால் கதவு முடியப் பல மாதம் எடுத்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் செல்வராசாவும் அமராவதியும் அதை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். றஸ்மியும் அமராவதியும் கதவைத் தாங்கிப் பிடிக்க, செல்வராசா பிணைச்சல் பூட்டினார். பரீனா குசினிக்குள் நின்றார். உள்ளேயிருந்து பார்க்கவும் அந்த முதுகுதான், வெளியே போகிற மாதிரி. அன்று கண்டது போலவேதான் இருந்தது.

"அண்ணை, நான் பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் போகேக்கதான் அடிச்சனான்."

செல்வராசா வாயில் கடித்திருந்த ஆணிகளைத் துப்பினார் என்பது குரல் தெளிந்ததில் தெரிந்தது. "அடிபட்ட முதுகு என்ரதுதானே தங்கச்சி. எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் நீங்களும் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உங்கட வாப்பான்ர கதவைக் கழட்டேக்க ஆரைக் கேட்டனான்? அதுக்கு ஒரு அடி போதுமெண்டு நினைச்சன்." அடுத்த ஆணியை அடித்துவிட்டு, "கொஞ்சம் மெல்லமா அடிச்சிருக்கலாம்" என்றார். அமராவதி சிரித்துவிட்டார்.

பரீனா சிரிக்கவில்லை. "ஒருக்கால் என்னைப் பாருங்கோ அண்ணை. உங்கட முகத்தைப் பார்த்துத்தான் மன்னிப்புக் கேக்கவேணும். அண்டைக்கு நான் வடிவாப் பாக்கேல்ல. நினைச்சு நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை."

"பார்த்துக்கொண்டுதான் நிக்கிறன் தங்கச்சி" என்றார் செல்வராசா.

பரீனா அந்த முதுகைப் பார்த்துத் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அமராவதி கதவை றஸ்மியிடம் விட்டுவிட்டு, கையை வளைத்துக் கணவரின் முகத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஈரமான உள்ளங்கையைப் பரீனாவுக்கு விரித்துக் காட்டி, சீலையில் துடைத்துக்கொண்டார். "கேட்டுது எண்டுறார்" என்றார்.

அதற்குப் பிறகும் முகம் வரவில்லை. வருமென்று பரீனா ஒரு வருடம் பார்த்திருந்தார், பிறகு விட்டுவிட்டார். முல்லைத்தீவுப் பக்கம் வேலை கிடைத்தால் செல்வராசா அந்த வீட்டுக்கு வருவார், பிளேன்ரீ குடிப்பார், இடியப்பம் இருந்தால் கட்டிக்கொண்டு போவார். படலையடியில் அந்த முதுகைக் காணும்போது, அவர் வருகிறாரா போகிறாரா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. கால்களை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அதனால் கண்டவுடன் பரீனா செய்கிற வேலையை விட்டுவிட்டு, "உள்ளுக்க வாங்கோ அண்ணை" என்று கூப்பிடுவார். சில நாட்களில் அவர் குடித்து முடித்துப் போய்க்கொண்டிருப்பவராக இருப்பார். கூப்பிட்ட குரலுக்கு மறுக்காமல் திரும்பி வந்து, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்.