மாமா பொத்தானை அழுத்தினால்

பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மாமாவுக்குக் கண் மங்கியபோது, மருமகள் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தாள். வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் வேலை அவளுக்கு. மாமாவின் மகள் சரக்குக் கப்பலில் சமையல்காரி. நடுக்கடலில் போன் பேச்சு பாதியிலேயே அறுந்துவிடும். நாலு வரி எழுத்து மட்டும் எப்படியோ போய்ச் சேரும். அதனால் இணையத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். மகள் கப்பலிலிருந்து அதில் எழுதுவாள். புதிதாக வந்ததைப் பெட்டி வாசிக்கும். மாமா பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால், விரலை எடுத்ததும் அவர் பேச்சு எழுத்தாகி அதே ஃபைலுக்குப் போய்விடும்.

"கப்பலுக்குப் போனா இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லித்தான் மகளை அனுப்பியிருந்தார். சொன்ன நாளிலிருந்து அது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

"ஏம்மா, ஒரு வாரமா உன் பெட்டி வாயே திறக்கலையே. அதுவும் கோவிச்சுக்கிச்சா?"

"அங்கேருந்து வந்தாத்தானே மாமா படிக்கும்."

"வராது. அவ என்னை மாதிரி, வீம்புக்காரி."

மகள் வேலை முடிந்து எழுத உட்காரும் நேரம் மாமாவுக்குத் தெரியும். அன்றும் அதே நேரத்துக்குப் பொத்தானில் விரலை வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மருமகள் காய் நறுக்கி, தாளித்து, அடுப்பைத் துடைத்தும் ஆயிற்று. அவர் விரலை எடுக்கவில்லை. கடைசியில், தினமும் போலவே, "இங்க மழை. நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி விரலை எடுத்தார்.

மருமகளுக்குச் சுரீரென்றது. அழுத்தியதும் புரோகிராம் ஃபைலைப் படித்து வைத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும், படித்ததோடு மாமா பேச்சைச் சேர்த்து முழு ஃபைலையும் திரும்ப எழுதும். அழுத்தியிருக்கும்வரை பெட்டி வாசிக்காது; நடுவில் மகள் எழுதியிருந்தால் அது வாசிக்கப்படாமலே அழிந்து போகும். தன் பேச்சை வைத்துத்தான் மருமகள் பெட்டியைச் சோதித்திருந்தாள். அவளோ மூச்சு விடாமல் பேசுகிறவள். ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரம் தவிக்கிற மனிதரை அவள் நினைக்கவில்லை.

நல்லவேளை, சர்வர் ஃபைலின் பழைய பிரதிகளை வைத்திருந்தது. மகள் எழுதி அழிந்தவை மூன்று கிடைத்தன.

"அப்பா, கப்பல் கரைக்கு வருது. வீட்டுக்கு வரட்டுமா?"

அடுத்தது: "வரட்டுமான்னு கேட்டேன். மழைன்னு சொல்றீங்க."

சற்றுமுன் வந்து அழிந்தது: "புரியுதுப்பா. ராத்திரி அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

சத்தமில்லாமல் சரி செய்துவிட்டிருக்கலாம். அவள் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றையும் படித்துக் காட்டினாள். "என் தப்பு மாமா."

மாமா அவள் தலையைத் தடவினார். "நீ பேச வழி பண்ணிக் குடுத்தே தாயி. வாயைத் திறக்காம அழுத்திக்கிட்டே இருந்தது நான்தானே?"

அவள் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: எழுதுவதற்கு முன்னால் இன்னொரு முறை படி. நமக்கும் யாராவது அதைச் சேர்த்துவிட்டால் எத்தனை வீடுகளில் சண்டை குறையும்.

மாமா அழுத்தினார். "வா" என்றார். விரலை எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதானா மாமா?"

"இதுக்குத்தானேம்மா இத்தனை நாளும் முக்கினேன்."

பிறகு இருவரும் பெட்டியைப் பார்த்தபடி இருந்தார்கள். மருமகள் மனதுக்குள் கும்பிட்டாள். இலை மேல் மழை சொட்டும் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. அப்போது பெட்டி பேசியது.

"கையெழுத்துப் போடலைப்பா. பேனாவை எடுத்துட்டு, கடைசியா ஒரு தடவை ஃபைலைப் பார்த்தேன். கிளம்பி வர்றேன். அங்க மழை விட்டுடுச்சா?"

மாமாவின் விரல் பொத்தானைத் தேடிப் பிடித்தது. உதடு மறுபடி நடுங்கியது, வார்த்தை வரவில்லை.

"மெதுவா பேசுங்க மாமா," என்றாள் மருமகள். "இனிமே எதுவும் அழியாது."