உச்சி நிழல்

1966ஆம் ஆண்டு ஏப்ரல் 20, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. வானில் ஒரு மேகமும் இல்லை, காற்று நின்றுபோயிருந்தது. கராச்சர்மா என்ற தீவுக் கிராமத்தில் தம் கொப்பரைக் களத்தின் நடுவே நின்றிருந்த குழந்தைவேலு குனிந்து பார்த்தார். நிழல் அவர் பாதங்களுக்கு அடியில் முற்றிலும் ஒடுங்கியிருந்தது. உச்சிப் பொழுது வந்துவிட்டது. அதைப் பார்க்க வேண்டிய அதிகாரி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

களத்துக்கு மேற்கே, வேலியை ஒட்டிச் சந்திரமதியின் தேநீர்க் கடை. அடுப்புக்கு மேலே மூன்று தகரங்கள் உண்டு. மற்றபடி அந்தக் கடைக்குக் கூரை ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிழல்தான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தேநீருக்காக அங்கே வருவதில்லை. நிழலுக்காக வந்து உட்கார்ந்து, சும்மா உட்காரக் கூச்சப்பட்டுத் தேநீர் கேட்பார்கள். மரம் போனால் கடையும் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதே நிழல் பிற்பகலில் வேலியைத் தாண்டி அவருடைய களத்தில் படுத்துக்கொள்ளும். எட்டு மாதம் மழை பெய்கிற தீவில் கொப்பரைக்குக் கிடைப்பது நான்கு மாத வெயில். நிழலில் கிடந்த தேங்காய்ப் பருப்பில் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்ட சரக்கைக் கப்பலேற்ற எந்த வியாபாரியும் முன்வர மாட்டான். சென்ற பருவத்துச் சரக்கில் பாதி அப்படித்தான் குப்பைக்குப் போயிற்று. மரத்தை வெட்ட உத்தரவிட வேண்டும் என்று ஜனவரியில் அவர் கொடுத்த மனுவில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் பிற்பகல் நிழலுக்காகக் கராச்சர்மாவில் யாரும் வழக்காட முடியாது. காடு வெட்டிக் குடியேறிய நாள்களில் ஊரார் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. காலை நிழலையும் மாலை நிழலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லையில் நிற்கும் மரத்தின் உச்சி நிழல் அடுத்தவர் நிலத்தில் விழுந்தால் மட்டுமே வெட்டச் சொல்லலாம். உச்சி எது என்று தீர்மானிக்க ஒரு மூங்கில் கழியை நடுவார்கள். கழியின் நிழல் குறுகிக் குறுகி, மேலும் குறுக இடமில்லாமல் நிற்கும் நேரமே உச்சி. இந்தத் தீவு மெயின்லாண்டு எனப்படும் பெருநிலத்துக்கு வெகு கிழக்கே கிடப்பதால், அந்த நிலத்தின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் பன்னிரண்டைத் தொடுவதற்கு நெடுநேரம் முன்பே சூரியன் இங்கே உச்சியைக் கடந்துவிடும். அதனால்தான் கழி. அந்த வழக்கத்தைச் சொன்னவரும், ஊரில் முதல் கழியை நட்டவரும் குழந்தைவேலுதான். அந்தக் கழி இப்போதும் அவர் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது.

இந்த உச்சியில் மரத்தின் நிழல் வேலிக்கு அந்தப்புறமே நின்றது. ஆனால் இன்று கழியை அவர் நடவில்லை. அதிகாரி கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மரத்தடியில் ஆணியடித்து ஒரு படம் மாட்டியிருந்தாள் சந்திரமதி. படத்தில் குழந்தைவேலு நாற்காலியில் அமர்ந்திருக்க, அவர் பின்னால் பக்கிரிசாமி நின்றான். சந்திரமதியின் கணவனுக்கு இருந்த ஒரே படம் அது. அதிலும் அவன் முகத்தில் பாதி இருட்டடித்திருக்கும். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், குழந்தைவேலு போகும் இடமெல்லாம் இரண்டடி பின்னால் அவருடைய நிழலாகத் திரிந்தான். அவர் தோப்பில் காய் பறிக்க ஏறி விழுந்து செத்தான். இழவு வீட்டில் ஊரார் முன்னிலையில் குழந்தைவேலு, “அழாதே தங்கச்சி. உனக்கு நிழலா நான் இருக்கேன்” என்றார். சொன்னபோது அதை மனமாரத்தான் சொன்னார்.

ஜீப் வந்தபோது பதினொன்றே முக்கால். இறங்கிய அதிகாரி ஜெகநாதன் மெயின்லாண்டிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. அவருடன் டெலானிபூர் அலுவலகத்து எழுத்தர் சிவஞானம், அளவு நாடாவும் பதிவேடுமாக இறங்கினார்.

“ஊர் வழக்கத்தைப் படிச்சேன். நல்ல வழக்கம். நட்ட நடு மத்தியானம் நிழல் எங்கே விழுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதானே?” என்றார் ஜெகநாதன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் கால் மணி நேரம் இருக்கு. காலையில ரேடியோவுக்கு வச்ச வாட்ச், பிசகாது. ஒரு டீ கொடும்மா.”

சந்திரமதி தேநீர் கொடுத்தாள். அதிகாரி மரத்தடி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டார்.

“அடடா, என்ன குளுமை! இதைப் போயா வெட்டணுங்கிறீங்க?”

“கொப்பரைக்குக் குளுமை ஆகாதுங்க சார்” என்றார் குழந்தைவேலு.

“அதுவும் நியாயம்தான்.”

அவர் நிதானமாகத் தேநீர் குடித்தார். தலைக்கு மேலே இலைகள் அசையவில்லை. தரையில் நிழல் மட்டும் வேலியைக் கடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஜெகநாதன் எழுந்தார். நிழலின் விளிம்பு களத்துக்குள் நன்றாக நுழைந்திருந்தது. சிவஞானம் நாடாவைப் பிடித்தார்.

“எட்டடி, சார்.”

“மத்தியான நிழல் கிழக்கு நிலத்தில் எட்டடி. எழுதிக்கோங்க. ரெண்டு பேருக்கும் இந்த அளவில் ஆட்சேபணை உண்டா?”

சந்திரமதி அதிகாரியைப் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த கழியைப் பார்த்தாள். பிறகு குழந்தைவேலுவைப் பார்த்தாள்.

“அண்ணே” என்றாள்.

ஊரில் பத்து எல்லைத் தகராறுகளை அந்தக் கழியை நட்டுத் தீர்த்து வைத்தவர் குழந்தைவேலு. ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவர் நாக்கு நுனி வரை வந்தது. அதோடு சேர்ந்து, குப்பையில் கொட்டிய பாதிச் சரக்கின் பச்சைப் பூசணமும் கண்முன் வந்தது.

“எனக்கு ஆட்சேபணை இல்லீங்க சார்.”

“உங்களுக்கும்மா?”

“அவரே இல்லேங்கும்போது எனக்கு என்ன இருக்கப் போகுது?”

இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள்.

மே நடுவில் மழை பிடித்தது. அதன் பிறகு கராச்சர்மாவில் எந்தப் பொருளுக்கும் நிழல் விழவில்லை. கொப்பரை புகையடுப்புக்குப் போயிற்று. வழக்கு இருந்த இடத்தில் இருந்தது. முடிவெழுத வேண்டிய ஜெகநாதன் மெயின்லாண்டுக்கு விடுப்பில் போயிருந்தார். கப்பல் வந்தால்தான் கையெழுத்து.

ஒரு நாள் குழந்தைவேலு கடைக்குப் போனார். மரத்தில் ஆணி மட்டும் இருந்தது.

“படம் எங்கே சந்திரா?”

“நனையுதுன்னு எடுத்து உள்ள வச்சேன், முதலாளி.”

முந்தைய மழைக்காலங்களிலும் அது அங்கேதான் நனைந்தது. ‘முதலாளி’ என்று அவள் கூப்பிட்டதை அவர் அப்போது கேளாதவர்போல இருந்துவிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது ‘அண்ணே’ என்பதை அவள் கடைசியாக என்றைக்குச் சொன்னாள் என்று நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. தேநீருக்கு அவள் கணக்குத் தவறாமல் காசு வாங்கினாள். கண்ணாடித் தம்ளரை முன்னைவிட நன்றாகக் கழுவிக் கொடுத்தாள். குறை சொல்ல எதுவுமில்லை.

ஜூன் மாதத்தில், முடிவைப் பெற்றுக்கொள்ள வருமாறு இருவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். முந்திய இரவு முழுவதும் குழந்தைவேலு ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ‘ஐயா, அன்றைக்கு அளந்தது உச்சி நிழல் இல்லை.’ திருத்த ஒன்றுமில்லாத வாக்கியம். இரண்டு மாதம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவே.

காலைப் பஸ்ஸில் சந்திரமதி முன்னிருக்கையில் இருந்தாள். நடத்துநர் இருவரையும் பார்த்துச் சிரித்தான்.

“க்யா அண்ணாச்சி, வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸிலயா? ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டாப் போட்டுடவா?”

“தனித்தனியாவே கிழிங்க” என்றாள் சந்திரமதி.

டெலானிபூர் அலுவலகத்தில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். சிவஞானம் இருவரையும் நிற்க வைத்து, உறையிலிருந்து தாளை எடுத்தார்.

“மரத்தை வெட்ட உத்தரவாயிடுச்சு. மழை விட்டதும் ஆபீஸே ஆள் அனுப்பும். ஜெகநாதன் சாப் நேத்துக் கையெழுத்துப் போட்டார்.”

“ஐயா” என்றார் குழந்தைவேலு. “அன்னைக்கு அளந்தது உச்சி நிழல் இல்லீங்க. சூரியன் அப்பவே சாஞ்சுடுச்சு. கழி நட்டுப் பார்த்திருக்கணும்.”

சிவஞானம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ ஏன் சொல்லலே?”

சிவஞானம் சந்திரமதியிடம் திரும்பினார்.

“உங்களுக்கும்மா?”

“தெரியாம என்ன சார்? அந்த மரத்தடியிலேயே கெடக்கிறவ. எந்த நேரத்துக்கு எந்த பெஞ்சுக்கு வெயில் வரும்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “நான் சொன்னா, கடைக்காரி கடைக்காகச் சொல்றான்னு ஆகும். முதலாளி சொன்னா ஊர் சொன்ன மாதிரி. சொல்லுவாருன்னு நின்னேன்.”

வெளியே மழை வலுத்தது. சிவஞானம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மேல்முறையீடு தோத்தவங்கதான் செய்ய முடியும். ஜெயிச்சவர் வந்து வேணாம்னு சொன்ன வழக்கம் இந்த ஆபீஸ்ல இல்லை. ஆனா ஒண்ணு செய்யலாம். தெரிஞ்சும் மறைச்சேன்னு நீங்க உங்க கையால எழுதிக் கொடுங்க. அதை வச்சு இந்தம்மா மேலே போகலாம். அளவு மறுபடி நடக்கும்.” வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். அதன்மேல் பேனாவை வைத்தார். “கராச்சர்மாவுக்கும் தெரியத்தான் செய்யும். அது வேற விஷயம்.”

குழந்தைவேலு தாளைப் பார்த்தார். வாக்கியம் வாயில் இருந்தபோது எளிதாகத்தான் இருந்தது. அவரை நியாயம் கேட்க அழைத்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இனி எந்த வாசலில் போய் அந்தக் கழியை நடுவது? மழை விட்டதும் களத்தில் வெயில் விழும். அடுத்த பருவத்தில் முழுச் சரக்கும் தேறும். சந்திரமதிக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம். தகரக் கூரையே போட்டுக் கொடுக்கலாம்.

சந்திரமதி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று களத்தில் பார்த்ததைப் போலவே பார்த்தாள். இன்னும் ஒரு சொல்லுக்கு அவள் இடம் வைத்திருந்தாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

“நாளைக்கு வந்து எழுதித் தர்றேனே” என்றார் குழந்தைவேலு.

“நாளைக்கா?” சிவஞானம் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “டிக் ஹை, சரி. அப்போ இன்னைக்கு இதை வாங்கிக்கோங்க.”

சந்திரமதி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். குழந்தைவேலு வலக்கையை நீட்டினார். எழுத்தர் கையொப்பம் மேலே தெரியும்படி மடித்து உத்தரவை அதில் வைத்தார்.